கோடையின் நட்டம் யார் தலையில்?



மாசி பிறந்துவிட்டால் பெங்களூருவைச் சுற்றியுள்ள நர்சரிகளில் இரவு பகல் கிடையாது. ஊரில் மாசி, பங்குனி, சித்திரை என்றால் அறுப்பு முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் காலம். செடி வளர்க்கும் தொழிலில் அதற்கு நேர் எதிர். ஜூன் மாதத்தில் மழை விழுந்ததும் சாலையோரம், பள்ளிக்கூடம், அடுக்கு வீடு, தொழிற்சாலை வளாகம் என்று எல்லா இடத்திலும் செடி நடுவார்கள். அந்தச் செடிகள் எல்லாம் அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் கவரில் ஏறி, வேர் பிடித்து, வெயிலுக்குப் பழகி, லாரிக்குத் தயாராக நிற்க வேண்டும். தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் மொத்த வியாபார நர்சரிக்குத் தண்ணீர் மிக அதிகமாக வேண்டியிருக்கிறது. நான் இங்கே எழுதப்போகும் அநியாயங்கள் எல்லாம் இந்த ஓர் இடுக்கில்தான் முளைக்கின்றன.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். கவருக்கு மண் நிரப்பும் கூலியாக இந்நகரத்துக்கு வந்தேன். இப்போது ஒரு மொத்த வியாபார நர்சரியில் மேற்பார்வை பார்க்கிறேன். முதலாளியின் கணக்குப் புத்தகமும் எனக்குத் தெரியும்; தண்ணீர் ஊற்றும் பெண்களின் கொப்புளம் பிடித்த கையும் எனக்குத் தெரியும். இரண்டையும் பார்த்தவன் என்கிற முறையில் ஒரு கேள்வியை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன். வறட்சி வந்தால் அதன் நட்டத்தை யார் சுமப்பது?

2024ஆம் ஆண்டுக் கோடை

2024ஆம் ஆண்டுக் கோடையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023இல் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தின் 236 தாலுக்காக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. மார்ச் மாதம் நகரமே குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. நகரத்துக்கு நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தண்ணீர் தேவை, 50 கோடி லிட்டர் குறைகிறது, ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். குடிநீரைத் தோட்டத்துக்கோ, கார் கழுவவோ, கட்டடத்துக்கோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. வழக்கமாகச் சித்திரையில் எட்டிப் பார்க்கும் மாங்காய் மழையும் வரவில்லை. மே மாதத் தொடக்கத்தில்தான் வானம் கண் திறந்தது.

எங்கள் நர்சரியில் இருந்தவை இரண்டு போர். ஒன்று பிப்ரவரியிலேயே காற்றை ஊதியது. மற்றது ஒரு மணி நேரம் ஓடினால் மூன்று மணி நேரம் ஓய்வு கேட்டது. ஆர்டரோ எந்த ஆண்டும் இல்லாத அளவுக்கு இருந்தது. செடி இருக்கும் நர்சரிகள் குறையக் குறைய, இருக்கும் நர்சரியை நோக்கி ஒப்பந்தக்காரர்கள் ஓடி வந்தார்கள். முதலாளி எந்த ஆர்டரையும் மறுக்கவில்லை. டேங்கர் வாங்கிச் சமாளிக்கலாம் என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு குடம் தண்ணீர்

எங்கள் நர்சரிக்கு உள்ளேயே தகரக் கொட்டகைகளில் ஆறு குடும்பங்கள் இருந்தன. மூன்று குடும்பங்கள் திருவண்ணாமலைப் பக்கம், இரண்டு ராய்ச்சூர்ப் பக்கம், ஒன்று ஒடிசா. போரில் தண்ணீர் இருந்தவரை அவர்களுக்குத் தனியாகக் குடிநீர் என்ற பேச்சே எழவில்லை. ஓஸ் பைப்பில் வருவதைப் பிடித்துக்கொள்வார்கள். போர் வற்றி, டேங்கர் வந்து சம்ப்பில் கொட்ட ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீருக்கு விலை வந்துவிட்டது. விலை வந்த பொருளுக்குக் காவலும் வந்தது. சம்ப்புக்கு மூடி போட்டுப் பூட்டினோம். குடும்பங்கள் குடிதண்ணீரைத் தெருக்குழாயில் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டோம். தெருக்குழாய் அரை மைல் தொலைவில். அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு முறை.

ஒரு நாள் அதிகாலையில், தண்ணீர் ஊற்றுவதற்காகச் சம்ப்பைத் திறந்த நேரத்தில், நம் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு குடம் மொண்டுகொண்டாள். கைக்குழந்தைக்காரி. மேஸ்திரி சத்தம் போட்டான். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணா, இந்தத் தண்ணிய ஊத்துறதே நாங்கதான. ஒரு கொடம் எடுத்தா இந்தத் தொட்டி கொறைஞ்சிடுமா?”

நான் பதில் சொல்லவில்லை. குடத்தைத் திருப்பி ஊற்றச் சொல்லவும் இல்லை; எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவும் இல்லை. அவளே ஊற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் நடந்தது இதைவிடக் கேவலம். தண்ணீர் இல்லாமல் ஓடிய மோட்டார் புகைந்து, இரண்டு நாள் வேலை நின்றது. 400 இட்லிப்பூச் செடிகள் கருகின. தண்ணீர் ஊற்றும் நான்கு பெண்களின் வாரக் கூலியில் ஆளுக்கு 300 ரூபாய் பிடிக்கப்பட்டது. மோட்டார் எரிந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பிடித்தப் பட்டியலை எழுதியது என் கை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதே கைதான்.

நட்டம் இறங்கி வரும் வழி

எங்கள் முதலாளியைக் கொடுமைக்காரர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவரும் ஒரு சங்கிலியில் மாட்டிக்கொண்டவர். கட்டடக் கம்பெனி தோட்டம் போடும் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கிறது. அவர் நர்சரியில் செடி வாங்குகிறார். பணத்தை மூன்று மாதம் கழித்துத் தருகிறார். நட்ட பிறகு செத்த செடிக்கு மாற்றுச் செடி இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். விவசாயியின் பம்பு செட்டுக்கு 10 குதிரைத்திறன் வரை கர்நாடகத்தில் மின்சாரம் இலவசம். தனியார் நர்சரிக்கு அது கிடையாது, தனிக் கட்டணம். கட்டடக் கம்பெனியின் நட்டம் ஒப்பந்தக்காரருக்கு, அவருடையது நர்சரிக்கு, நர்சரியுடையது மேஸ்திரிக்கு, மேஸ்திரியுடையது தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு என்று இறங்கி வருகிறது. அவளுக்குக் கீழே யாரும் இல்லை. அதனால் அங்கேயே தேங்கி நின்றுவிடுகிறது. காசு இருந்தால் தண்ணீர் பத்தாம் மாடிக்கும் ஏறும். நட்டம் மட்டும் எப்போதும் பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

கணக்குப் பார்ப்போம்

இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கணக்காகவே பார்ப்போம். ஒரு லட்சம் கவர் செடி உள்ள நர்சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் செடி ஒன்றுக்குச் சராசரியாக அரை லிட்டர் என்றால் நாளைக்கு 50,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் எட்டாவது வேண்டும். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் கட்டிய விலைப்படி, 5 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு டேங்கர் 600 ரூபாய். எட்டு டேங்கருக்கு 4,800. மாதத்துக்கு 1,44,000 ரூபாய். நாங்கள் கொடுத்தது அதைவிடக் கூடுதல் என்பது வேறு கதை.

இவ்வளவு செலவைக் கண்டதும் முதலாளிகள் முதலில் செய்வது ஆள் குறைப்பு. தண்ணீர் ஊற்றும் ஐந்து பேரை மூன்று பேராக்குவார்கள். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் மாதம் 30,000 மிச்சம். ஆனால் ஐந்து பேர் விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிக்கும் வேலை மூன்று பேருக்குப் பிற்பகல் 1 மணி தாண்டும். உச்சி வெயிலில் கறுப்புக் கவர் கொதிக்கும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி வேருக்குப் போகாமலே ஆவியாகிவிடும். அதோடு, தேங்காய் நார்த்தூள் ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே சீராக உறிஞ்சாது; ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். மேலே ஈரம் தெரியும், உள்ளே தூள் காய்ந்திருக்கும். பழகிய பெண் கவரை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, கனத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடுவாள். அவசரத்தில் ஓஸைப் பீய்ச்சிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது தெரியாது. நூற்றுக்கு ஐந்து செடி செத்தால் 5,000 செடி. மொத்த விலை 15 ரூபாய் என்றாலும் 75,000 ரூபாய். கூலியில் 30,000 மிச்சம் பிடிக்கப் போய் செடியில் 75,000 இழப்பதுதான் இவர்கள் சொல்லும் சிக்கனம்!

சிக்கனம் வேண்டுமென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. அரளி, காகிதப்பூ போன்ற வெயில் தாங்கும் செடிகளையும், பெரணி, புது நாற்று, புதிதாகக் கவர் மாற்றிய கன்று போன்ற தண்ணீர்ப் பிள்ளைகளையும் தனித்தனிப் பாத்தியாகப் பிரித்துவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றும் வீண் செலவு நிற்கும். கவர்களை இடைவெளி விடாமல் நெருக்கி வைத்து மேலே நிழல் வலை கட்டினால் மண் சீக்கிரம் காயாது. பாத்திக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வழியும் தண்ணீரைக் குழிக்கு இழுத்தால் அது திரும்பக் கிடைக்கும். தண்ணீருக்குத் திண்டாடும் மாதத்தில் உரம் போட்டுத் தளிரைக் கிளப்பக் கூடாது. லாரியில் ஏற்றும் செடிக்கு முந்திய மாலையே நன்றாகத் தண்ணீர் காட்டி, தார்ப்பாய் மூடி, இரவில் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, போரில் இருக்கும் தண்ணீருக்குத் தக்கபடிதான் ஆர்டர் பிடிக்க வேண்டும். மார்ச் மாதத்தில் “முடியாது” என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லும் தைரியம் முதலாளிக்கு இருந்திருந்தால், ஏப்ரலில் கூலிக்காரியிடம் 300 ரூபாய் பிடிக்கும் கேவலம் வந்திருக்காது.

அலங்காரச் செடிக்கு ஏன் தண்ணீர்?

ஊரே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கும்போது பணக்காரர் வீட்டு அலங்காரச் செடிக்குத் தண்ணீர் ஒரு கேடா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாம் அதை மறைக்கக் கூடாது. நர்சரி ஆழமாகப் போர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் போர் வற்றும். புல்தரை குடிக்கும் தண்ணீருக்கு அளவே கிடையாது. கோடையில் புல்தரை ஆர்டர் எடுப்பதை நர்சரிகள் தாமாகவே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் நர்சரி வளர்ப்பது அலங்காரச் செடி மட்டுமா? புங்கன், வேம்பு, நீர்மருது, ஒட்டு மா என்று நிழலும் காயும் தரும் கன்றுகளும் இங்கிருந்துதான் போகின்றன. அந்த வேலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. நகரத்துக்குக் குடிநீரும் வேண்டும், இந்தக் குடும்பங்களுக்குப் பிழைப்பும் வேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரு வழி நம் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது: சுத்திகரித்த கழிவுநீர். 2018இலிருந்து கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் சுத்திகரித்த நீரைக் குழாயில் ஏற்றிக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் அளவு. அடுத்த மாவட்டத்துக்கு அனுப்ப முடிகிறதென்றால் நகர எல்லையில் இருக்கும் நர்சரிகளுக்கு ஒரு பொதுத் தொட்டி கட்டி ஏன் கொடுக்க முடியாது? அந்த நீரில் உப்பு கூடுதலாக இருக்கலாம். சோதித்துப் பார்த்து, நாற்றுக்கும் பெரணிக்கும் விலக்கி, வளர்ந்த மரக்கன்றுகளுக்கு ஊற்றினால் தாராளமாகத் தாங்கும். போர்த் தண்ணீர் குடிப்பதற்கு மிஞ்சும்.

ஏரியும் தோட்டக்காரரும்

இந்நகரத்தில் தோட்டமும் தமிழ் வேரும் பிரிக்க முடியாதவை. 1760இல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கினார். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகமான திகளர்கள் இந்நகரத்தின் காய்கறித் தோட்டங்களையும் பூந்தோட்டங்களையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் கரகம் தூக்குவதும் அவர்களே. சம்பங்கி ஏரியின் ஓரத்தில் அவர்கள் தோட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பேகவுடா பேருந்து நிலையம். ஊரிலிருந்து வந்து நாம் முதலில் கால் வைக்கும் இடமே ஒரு ஏரியின் வயிறு! ஏரி போனபோது தோட்டக்காரரும் போனார். நர்சரிகள் நகரத்தின் வெளி ஓரத்துக்கு நகர்ந்தன. அங்கேயும் இப்போது அடுக்கு வீடுகள் வந்துவிட்டன.

2007இல் மாநகராட்சியுடன் சேர்த்த 110 கிராமங்களுக்காக வந்த காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். நல்ல செய்திதான். ஆனால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் இந்தத் தண்ணீர் வீட்டு இணைப்பு உள்ளவருக்குத்தான் வரும். தகரக் கொட்டகைக்கு இணைப்பு ஏது?

தண்ணீர் குறையும்போதெல்லாம் நமக்கு இன்னொரு பயமும் உண்டு. 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மறக்காது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டிஎம்சி கொடுத்தது. அதில் 4.75 டிஎம்சி பெங்களூரு நகரத்தின் குடிநீருக்கு. இந்நகரத்தின் குடிநீர் என்றால் இங்கே குடியிருந்து பாடுபடும் நம்முடைய குடிநீரும் அதில் அடக்கம். அதைக் கேட்பது யாருடைய பங்கையும் பறிப்பது ஆகாது. எங்கள் நர்சரியில் திருவண்ணாமலைக் குடமும் ராய்ச்சூர்க் குடமும் ஒரே வரிசையில் காலியாகத்தான் நின்றன. வரிசையில் நின்றவர்களுக்குள் சண்டை இல்லை. சண்டை மூட்டுகிறவர்கள் அந்த வரிசைக்கு வெளியே இருப்பவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோழர்கள் ஒன்றைக் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் இப்போது இல்லை. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் கரைந்துவிட்டது. பழைய சட்டம் 5 பேரைக் கொண்டுவந்த ஒப்பந்தக்காரருக்கே பொருந்தியது; புதியதில் அந்த எண் 10. குடிநீர் வசதி வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று புதிய தொகுப்பு சொல்கிறது. ஆனால் 8 பேரை வைத்து நடக்கும் நர்சரி எளிதாகத் தப்பித்துக்கொள்ளும்.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு அப்படியல்ல. ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தும். பொருள் சேதத்துக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தச் சேதம் அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மழை பெய்யாதது தொழிலாளியின் கவனக்குறைவா? மோட்டார் எரிந்தது அவளுடைய குற்றமா? இனி எந்த நர்சரியிலும் கருகிய செடிக்குக் கூலி பிடித்தால், அந்த வார்த்தையை அப்படியே கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

நம் சங்கம் அடுத்த மாசிக்கு முன்பே நான்கு காரியங்களைக் கையில் எடுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

முதலாவது, நர்சரிக்குள் டேங்கர் வந்தால் முதல் குடங்கள் கொட்டகைக் குடும்பங்களுக்கு; மிச்சம்தான் செடிக்கு. எங்கள் கொட்டகைகளில் குடும்பத்துக்கு ஐந்து குடம் என்றாலும் 30 குடம். ஒரு டேங்கரில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

இரண்டாவது, வறட்சியில் செத்த செடிக்குக் கூலியில் கை வைக்கக் கூடாது. பிடித்தவர்களிடம் பேசுவோம், கேட்காவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனுவோடு போவோம்.

மூன்றாவது, நர்சரி முதலாளிகளோடும் உட்கார்ந்து பேசுவோம். மாற்றுச் செடி என்ற நிபந்தனையில் வறட்சிக் காலத்துக்கு விலக்குக் கேட்டு ஒப்பந்தக்காரர்களிடம் அவர்கள் போராடினால் நாம் பக்கத்தில் நிற்போம். சுத்திகரித்த நீர் கேட்டுக் குடிநீர் வாரியத்துக்குக் கொடுக்கும் மனுவில் முதலாளி கையெழுத்தும் கூலிக்காரர் கையெழுத்தும் சேர்ந்து இருக்கட்டும்.

நான்காவது, அந்த மனு தமிழில் மட்டும் இருக்கக் கூடாது. கன்னடத்தில் எழுதி, ராய்ச்சூர்த் தோழர்களும் ஒடிசாத் தோழர்களும் கையெழுத்திட்டுப் போக வேண்டும்.

அந்த 300 ரூபாயை நான்கு பெண்களுக்கும் திருப்பிக் கொடுக்க வைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. நடக்கவில்லை. மழை வந்ததும் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. மீதி இரண்டு பேருக்கு என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். அது நியாயம் அல்ல, என் மனச்சமாதானம். நியாயம் என்பது பிடித்தவர் திருப்பிக் கொடுப்பது. சம்ப்பின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. காலை 5 மணிக்குத் திறக்கும்போது முதலில் நிரம்புவது கொட்டகைக் குடங்கள். முதலாளி ஒரு முறை கேட்டார்; கணக்கைக் காட்டினேன்; பேசாமல் போய்விட்டார்.

மற்ற நர்சரிகளிலும் சாவி நம்மவர் கையில்தான் இருக்கிறது. மேஸ்திரியாக, காவல்காரராக, மேற்பார்வையாளராக இருக்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன்.